வைப்பாற்றங்கரைக்கு எப்போது போவது, போய் எதைப் பார்ப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். தாத்தாவின் ஊர் விளாத்திகுளம் பக்கம். வைப்பாற்றில் நீந்தி விளையாடியதை அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். போன மே மாதம் பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனால், பார்க்கக் கிடைத்தது மணலும் முள்மரமும்தான். எந்த மாதம் போனால் தண்ணீர் ஓடும், மூன்று நாள் போதுமா, வேறு என்ன இருக்கிறது பார்க்க என்பது உங்கள் கேள்வி. மாதத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இரண்டு தடவை வாசித்ததில் எனக்குப் பட்டது வேறு. அந்த ஆறு செத்துப்போயிற்றா, தாத்தா சொன்னதில் மிச்சம் ஏதாவது அங்கே இருக்கிறதா என்றுதான் நீங்கள் தெரிந்துகொள்ள நினைக்கிறீர்கள். அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் வட்டாரத்தில் வேளாண்மைத் துறையில் 27 வருடம் ஊர் ஊராகச் சுற்றி வேலை பார்த்தவன் நான். மண்ணும் பயிரும் எனக்குத் தெரியும். தொல்லியலும் பறவைகளும் என் துறை இல்லை, அவற்றைப் பற்றி நான் சொல்வதை ஒரு ஆர்வலன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆற்றின் சுபாவத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் பிறந்து, சாத்தூரையும் விளாத்திகுளத்தையும் தொட்டுக்கொண்டு, மன்னார் வளைகுடாவில் போய்ச் சேர்கிறது வைப்பாறு. மொத்தம் 130 கிலோமீட்டர் அளவுக்குத்தான் நீளம். தாமிரபரணியும் இதே மலையில்தான் பிறக்கிறது, அதில் மட்டும் எப்படி வருடம் முழுக்கத் தண்ணீர் என்று எல்லாரும் கேட்பார்கள். தாமிரபரணியின் தலை, இரண்டு பருவமழையும் கொட்டுகிற பொதிகைக் காட்டில் இருக்கிறது. வைப்பாறு பிறக்கிற சரிவோ தென்மேற்குப் பருவமழைக்கு மறைவான பக்கம். மேகம் மலைக்கு அந்தப்பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, நம் பக்கம் வெறும் காற்றாக இறங்கும். ஆனி, ஆடியில் கரிசல் காட்டில் நின்றால் புழுதியை வாரி முகத்தில் அடிக்கிறதே, அது மழையைப் பறிகொடுத்துவிட்டு வருகிற அதே காற்றுதான். ஆகவே இந்த ஆற்றுக்கு இருப்பது வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான். தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு வருட மழையே 650 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும்.

அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. வைப்பாற்றில் தண்ணீர் ஓடினால் அது அநேகமாக நவம்பர், டிசம்பரில்தான் ஓடும். எந்த வாரம், எத்தனை நாள், இந்த வருடம் வருமா வராதா என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. சில வருடம் கரை தொட்டு ஓடும், சில வருடம் நடுமணலில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குக் கசிந்துவிட்டு நின்றுவிடும். ஒரு சொட்டும் கீழே இறங்காத வருடங்களையும் பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து இரண்டு மாதம் முன்னாலேயே ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டு வெள்ளத்தைப் பார்க்க வரும் ஆறு இது இல்லை. ‘ஆறு வந்துருச்சு’ என்று சேதி கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவதும் வேண்டாம், அதுவும் குழந்தையோடு. மேலே மலையில் பெய்த மழை, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து இறங்கும். தரைப்பாலத்தில் கணுக்கால் அளவுதானே என்று வண்டியை விட்டவர்கள் சிக்கிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் கரிசல் காட்டிலும் பயிரெல்லாம் தண்ணீரில் நின்றது. வறண்ட பூமி என்று பெயரெடுத்த இடத்தில் வெள்ளம் வந்தால், அதற்குப் பழகிய ஊர்களில் வருவதைவிட மோசமாக இருக்கும்.

நான் சொல்லும் மாதம் தை. பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி கடைசி வாரம் வாருங்கள். ஆற்றில் ஓட்டம் நின்றுபோயிருக்கும், அது உண்மைதான். ஆனால் வந்த தண்ணீர் எங்கே போயிற்று என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஈரம் மணலுக்குள் இருக்கும், பள்ளமான கசங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும், மழை ஏமாற்றாத வருடமாக இருந்தால் கண்மாய்கள் ததும்பும், காடெல்லாம் பச்சையாக இருக்கும். இங்கே காடு என்றால் மரங்கள் அடர்ந்த வனம் இல்லை, மழையை மட்டும் நம்பி விதைக்கிற மானாவாரி வயல். ‘காட்டுக்குப் போயிருக்காக’ என்று யாராவது சொன்னால் பயிரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். மகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மணலுக்குள் இருக்கும் தண்ணீரை அவளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். முன்பு ஒரு கோடையில், விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒரு அம்மா ஆற்று நடுவில் குனிந்து மணலைக் கையால் வாரி வாரி ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முழங்கை ஆழம் போனதும் அடிமணல் கறுத்தது, அப்புறம் பளபளத்தது, பிறகு குழியின் ஓரம் சரிந்து கலங்கலாக ஒரு உள்ளங்கைத் தண்ணீர் கூடியது. சிரட்டையால் அதை மொண்டு வெளியே ஊற்றினார்கள். மறுபடி ஊறியது, மறுபடி ஊற்றினார்கள். மூன்றாவது தடவை ஊறிய தண்ணீரின் அடியில் மணல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அதைத்தான் குடத்தில் சேர்த்தார்கள். எனக்கும் ஒரு சிரட்டை கொடுத்தார்கள். பானைத் தண்ணீர்போல் சில்லென்று இருந்தது. மே மாதத்தில் நீங்கள் பார்த்த அதே வெறும் மணல்தான் அது. ஆறு அப்போதும் உங்கள் காலுக்குக் கீழே இருந்திருக்கும். ஆனால் ஒன்று, இன்றைக்கு எல்லா இடத்திலும் முழங்கை ஆழத்தில் ஊற்று கிடைக்காது. மணலை அள்ளிக் கொண்டுபோன இடங்களில் அடியில் இருந்த களியும் பாறையும் வெளியே தெரிகின்றன. மணல் இல்லாத இடத்தில் தண்ணீரைத் தாங்கி வைக்க எதுவும் இல்லை. அதனால் எங்கே தோண்டுவது என்று உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு தோண்டுங்கள். இப்போது அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கவும் வேண்டாம்.

தாத்தா நீந்தினாரே என்ற விஷயத்துக்கு வருகிறேன். முன்பு நாலு மாதம் ஆறு ஓடியது என்று இங்கே பெரியவர்கள் பலர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மனசில் நிற்பது நல்ல வருடங்கள்தான், வறண்ட வருடத்தை யாரும் பேரப்பிள்ளைக்குக் கதையாகச் சொல்வதில்லை. இந்தப் பூமிக்கு வறட்சி புதிது இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் கடைசிக் காலத்தில் எட்டயபுரத்துக்கு வந்தபோது ஊர் மழையில்லாமல் காய்ந்து கிடந்ததாகவும், அவர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடி மழை பெய்வித்ததாகவும் ஒரு கதை உண்டு. அவர் 1835இல் எட்டயபுரத்தில் காலமானார் என்பது வரலாறு, சமாதியும் அங்கே இருக்கிறது. பாடி மழை பெய்தது கர்ணபரம்பரைக் கதை. எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அதன் தொடக்கம்தான். எட்டயபுரம் என்றதும் கதை சொன்னவர்களுக்கு வறட்சிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. சரி, அப்படியானால் எதுவுமே மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. மேலே வெம்பக்கோட்டையிலும் இருக்கன்குடியிலும் அணைகள் இருக்கின்றன. ஆற்றுப் படுகையிலும் கண்மாய்க்குள்ளும் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. கண்மாய்களில் வண்டல் ஏறி ஆழம் குறைந்துவிட்டது. இவையெல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை. தண்ணீர் குறைந்ததில் எதன் பங்கு எவ்வளவு என்று டீக்கடையில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். பம்பா, அச்சன்கோவில் ஆறுகளை வைப்பாற்றோடு இணைக்கும் திட்டத்தைப் பற்றியும் கட்டாயம் பேச்சு வரும். பல பத்தாண்டுகளாகப் பேச்சாகவே இருப்பது அது, கேரளம் ஒத்துக்கொள்ளவில்லை. காது கொடுத்துக் கேளுங்கள், அந்த மனிதர்களின் ஆதங்கம் உண்மையானது.

இனிப் பயிரைப் பற்றி. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். கரிசல் மண்ணின் களி, ஈரத்தைக் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்து கிடக்கிற அதே நிலம், மழை பெய்ததும் உப்பி, வெடிப்பெல்லாம் மூடி, ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும். பாசனமே இல்லாமல், மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் ஒரு பயிர் விளைந்து முடிவது அந்த ஈரத்தில்தான். எங்கள் விவசாயிகள் செய்கிற ஒரு காரியம் வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். புரட்டாசியில், மழை வருவதற்கு முன்பே, காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவார்கள். விதையை இரண்டு அங்குல ஆழத்தில் போடுவார்கள். மேலாகப் பெய்யும் தூறலுக்கு அது முளைக்காது, முளைத்தால் அடுத்த மழை வருவதற்குள் கருகிவிடும். நல்ல உழவு மழை ஒன்று பெய்து ஈரம் அந்த ஆழத்துக்கு இறங்கினால்தான் கண் திறக்கும். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மானாவாரிக்கென்றே பல வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும், காட்டில் பெரியவர்கள் செய்துகொண்டிருந்ததும் இந்த ஒரு விஷயத்தில் அநேகமாக ஒன்றாகவே இருந்தன. புதூர்ப் பக்கம் ஒரு பெரியவர் மழை பெய்த மறுநாள் காலையில் காட்டு நடுவே குத்தவைத்து, ஒரு சாண் தோண்டி, அடிமண்ணை எடுத்து உருண்டை பிடிப்பார். அதை நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போடுவார். உடையாமல் கிடந்தால் ‘போதும்’ என்பார். உடைந்தால் ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். என்னிடம் இருந்த மழைமானிக் கணக்கை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

தை மாதம் நீங்கள் வரும்போது உளுந்தும் பாசியும் அநேகமாக அறுத்து முடிந்திருக்கும். கம்பு, சோளம், மக்காச்சோளம் அறுவடையில் இருக்கும். கொத்தமல்லி பூத்து நிற்கும், பருத்தி காய் பிடித்திருக்கும், மிளகாய்ச் செடியில் பழம் சிவக்கத் தொடங்கியிருக்கும். விளாத்திகுளம் வட்டாரத்துக்குப் பெயர் சொல்வது மிளகாய் வத்தல்தான். அதைப் பார்க்க வேண்டுமென்றால் மாசி, பங்குனிதான் சரியான நேரம். களத்திலும் ரோட்டோரத்திலும் கண்ணுக்கெட்டிய வரை சிவப்பாகக் காயும். ஆனால் அதற்குள் வெயில் ஏறிவிடும், காட்டின் பச்சையும் போய்விடும். இரண்டும் வேண்டும் என்றால் மாசி முதல் வாரம் வரை தள்ளிக்கொள்ளலாம். களத்தில் காயும் வத்தலின் பக்கத்தில் செருப்புக்காலோடு போகாதீர்கள். யாராவது இருந்தால் ‘அண்ணாச்சி, பார்க்கலாமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். அதற்கப்புறம் அவர்களே ஒரு வத்தலை எடுத்துக் காதோரம் குலுக்கி, விதை சத்தம் போடுவதைக் கேட்கச் சொல்வார்கள். நன்றாகக் காய்ந்ததற்கு அதுதான் அடையாளம்.

மூன்று நாள் போதும். கோவில்பட்டியில் தங்கிக்கொள்ளுங்கள். அங்கேயும் சாத்தூரிலும் ரயில் நிற்கும், விடுதிகளும் உண்டு. விளாத்திகுளத்தில் வசதி குறைவு. உங்களுக்குச் சொந்தக் கார் இல்லையென்றால் இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் வாடகைக்கு வண்டி பிடித்துவிடுங்கள். பேருந்து இருக்கிறது, ஆனால் சின்ன ஊர்களில் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும்.

முதல் நாள் மேற்கே சாத்தூர்ப் பக்கம். ஊரைத் தொட்டுக்கொண்டே ஆறு போகிறது. சேவும் வெள்ளரிக்காயும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து இருக்கன்குடி பக்கம்தான். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் கோயில். இரு கங்கை கூடும் குடி என்பதுதான் இருக்கன்குடி ஆயிற்று என்பார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் பெயர்க்காரணமாக அதை நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆடி கடைசி வெள்ளியில் கூட்டம் தாங்காது, சாதாரண நாளில் நிம்மதியாகப் பார்க்கலாம். பிறகு வெம்பக்கோட்டை. அங்கே விஜயகரிசல்குளத்தில் ஆற்றங்கரை மேட்டில் தமிழக தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல், மணிகள், சுடுமண் பொருட்கள் என்று ஏராளமாகக் கிடைத்தன. குழிகள் எப்போதும் திறந்திருக்காது, போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே நினைவில் நின்றது சங்குதான். கடல் இங்கிருந்து வெகுதூரம். மன்னார் வளைகுடாவின் சங்கு இந்த மேட்டுக்கு வந்து அறுபட்டு வளையலாகியிருக்கிறது என்றால், ஆற்றங்கரை வழியாகத்தான் வந்திருக்கும் என்று என் மனசு சொல்கிறது. இது என் ஊகம், சான்று கேட்டால் என்னிடம் கிடையாது.

இரண்டாம் நாள் எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்க்காமல் யாரும் வரமாட்டார்கள், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டயபுரம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி ஒரு காட்டு வரப்பில் இறங்கி நில்லுங்கள். கண்ணை மறைக்க எதுவும் இல்லாத அந்தச் சமவெளியும் அதன் வானமும் உங்கள் தாத்தா பார்த்து வளர்ந்தவை. வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் பொட்டுகளோடு செம்மறிக் கூட்டம் ஒன்று எதிர்ப்பட்டால் அதுதான் வேம்பூர் ஆடு. வேம்பூர் இந்தப் பக்கத்து ஊர்தான், அந்த ஊர்ப் பெயரிலேயே இனம் வழங்குகிறது. அறுவடை முடிந்த காட்டில் இரவில் கிடை போடுவார்கள், அதாவது ஆட்டு எரு நிலத்துக்கு உரமாகட்டும் என்று மந்தையை அங்கேயே அடைத்து வைப்பார்கள். ஒரு கிடைக்குப் பின் அடுத்த வருடம் அந்தக் காட்டில் பயிர் வரும் நிறமே வேறு. சாயங்காலம் ஒரு கண்மாய்க் கரையில் உட்காருங்கள். கூழைக்கடாவும் நாரையும் வந்திறங்கலாம். மற்றதைப் பறவை தெரிந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். இருட்டிய பிறகு காட்டுக்குள் இறங்காதீர்கள். காட்டுப்பன்றித் தொல்லைக்காகக் காவல் இருப்பார்கள், சில இடங்களில் கம்பி வேலியும் இருக்கும், எதில் மின்சாரம் பாய்கிறது என்று தெரியாது.

மூன்றாம் நாள் கடல். கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டு, வைப்பாறு, கீழவைப்பாறு, சிப்பிகுளம் பக்கம் போனால் முகத்துவாரம். உப்பளமும் மீனவர் ஊர்களும் பனையும்தான் அங்கே. கூட்டம் கிடையாது, கடையும் அதிகம் கிடையாது, குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும். எதிரே கடலுக்குள் இருக்கும் தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

கடைசியாக இரண்டு நடைமுறை விஷயம். தையிலும் சில சமயம் மழை தூறும். தூறினால் தார்ச்சாலையை விட்டு வண்டியை இறக்காதீர்கள். ஒருமுறை அரைமணி நேர மழைக்குப் பிறகு காட்டுப் பாதையில் நான் பைக்கை விட்டேன். நூறு அடி போவதற்குள் டயருக்கும் மட்காடுக்கும் நடுவில் கரிசல் அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. குச்சியால் நோண்டி நோண்டி எடுத்துத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. காருக்கு இன்னும் கஷ்டம். நடந்து போனாலும் அடிக்கு அடி செருப்பில் மண் அப்பிக் கால் கனக்கும், மகளுக்கு மாற்றுச் செருப்பு ஒரு ஜோடி எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. தையில் வர முடியாமல் போய், கோடை விடுமுறைதான் வாய்க்கும் என்றால், சித்திரை முதல் நாளுக்கு வாருங்கள். அன்று காலையில் விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்து ஊர்களில் பொன்னேர் பூட்டுவார்கள், வருடத்தின் முதல் உழவு அது. முன்பு எல்லாரும் மாட்டை அலங்கரித்து ஏர் பூட்டி ஊர்ப் பொதுக்காட்டில் வரிசையாக உழுவார்கள். இப்போது மாடு குறைந்து டிராக்டர்கள் வரிசை கட்டுகின்றன, அவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து மாலை போடுகிறார்கள். மழைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கும். ஆறும் நீங்கள் மே மாதம் பார்த்தபடியேதான் கிடக்கும். தாத்தாவின் ஊரிலும் அன்றைக்கு உழுவார்களா என்று உறவுக்காரர் யாரிடமாவது கேட்டு வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள்.